பல ஏஜென்ட் கட்டுப்பாடும் சென்சார் வலையமைப்பும்: மாணவர் ஆய்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இருபது ரோபோக்கள், ஐம்பது சென்சார்கள், அல்லது ஒரு கூட்டம் ட்ரோன்கள். ஒவ்வொன்றுக்கும் தன் பக்கத்தில் இருப்பவை என்ன சொல்கின்றன என்பது மட்டும்தான் தெரியும். மையத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கிற கணினி கிடையாது. ஆனாலும் மொத்தக் கூட்டமும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வர வேண்டும்: ஒரே திசையில் நகர வேண்டும், ஓர் இடத்தைப் பங்கு போட்டுக் கண்காணிக்க வேண்டும், அல்லது ஒரு வெப்பநிலையை எல்லோரும் சேர்ந்து மதிப்பிட வேண்டும். இது எப்படி நடக்கும், எப்போது நடக்காமல் போகும் என்பதுதான் இந்தத் துறையின் கேள்வி.

இளநிலை இறுதியாண்டு மாணவர், முதுநிலை மாணவர், ஆராய்ச்சியில் முதல் வருடம் இருப்பவர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நேரியல் இயற்கணிதம், வகையீட்டுச் சமன்பாடுகள், கொஞ்சம் நிகழ்தகவு, ஓரளவு பைத்தான் தெரிந்தால் போதும். இவற்றில் ஐகன் மதிப்புகளில் மட்டும் கை சரளமாக இருக்க வேண்டும். மற்றவற்றைப் போகிற போக்கில் கற்றுக்கொள்ளலாம்.

வழிமுறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்றாக நிரூபிக்கப்பட்ட ஒரு முடிவை எடுங்கள். அது எந்தெந்த அனுமானங்களின் மேல் நிற்கிறது என்று எழுதுங்கள். அவற்றில் ஒன்றே ஒன்றை உடையுங்கள். என்ன ஆகிறது என்று அளந்து, ஏன் அப்படி ஆகிறது என்று விளக்குங்கள். மாணவர் கையில் இருக்கிற காலத்துக்குள் முழுமையாக முடிக்கக்கூடிய நல்ல ஆய்வு இப்படித்தான் உருவாகும் என்பது என் உறுதியான எண்ணம். கீழே வருகிற படிகள் எல்லாம் இதைச் சுற்றித்தான்.

படி 1: ஐந்து நோடுகளைத் தாளில் போட்டுப் பாருங்கள்

அடிப்படை விதி ஒன்றுதான். ஒவ்வொரு நோடும் (ஒரு ரோபோ அல்லது சென்சார், அதாவது ஓர் ஏஜென்ட்) அண்டை நோடுகளின் மதிப்புகளிலிருந்து தன் மதிப்பைக் கழிக்கிறது, அந்த வித்தியாசங்களைக் கூட்டுகிறது, கூட்டுத்தொகை காட்டும் பக்கம் கொஞ்சம் நகர்கிறது. இதைத்தான் கன்சென்சஸ் விதி என்கிறார்கள். எல்லோரும் இதையே திரும்பத் திரும்பச் செய்தால், இணைப்புகள் இருவழியாகவும் வலையமைப்பு துண்டுபடாமலும் இருக்கும்வரை, தொடக்க மதிப்புகளின் சராசரியில் எல்லா நோடுகளும் வந்து சேரும்.

இதன் கணக்கு முழுவதும் லாப்ளாசியன் என்ற ஓர் அணிக்குள் அடங்கிவிடுகிறது. மூலைவிட்டத்தில் ஒவ்வொரு நோடுக்கும் எத்தனை அண்டை நோடுகள் என்று எழுதுங்கள். இரண்டு நோடுகளுக்கு இடையே இணைப்பு இருந்தால் அந்த இடத்தில் கழித்தல் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம். இந்த அணியின் மிகச் சிறிய ஐகன் மதிப்பு எப்போதும் பூஜ்யம். இரண்டாவது சிறிய மதிப்புதான் முக்கியமானது. அதை லாம்டா-2 என்று வைத்துக்கொள்வோம். வலையமைப்பு துண்டுபடாமல் இருந்தால் மட்டுமே அது பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருக்கும். மிரோஸ்லாவ் ஃபீட்லர் 1973-ல் இதைப் பற்றி எழுதியதால் அவர் பெயராலும் இது அழைக்கப்படுகிறது. கன்சென்சஸ் எவ்வளவு வேகமாக வரும் என்பதை இந்த எண்தான் தீர்மானிக்கிறது.

சரி, ஐந்து நோடுகளை வைத்து நான்கு விதமாக இணைத்துப் பார்க்கலாம். வரிசையாக இணைத்தால் லாம்டா-2 சுமார் 0.382. இரு முனைகளையும் சேர்த்து வளையமாக்கினால் 1.382. ஒன்றை நடுவில் வைத்து மற்ற நான்கையும் அதோடு இணைத்தால் 1. எல்லோரையும் எல்லோரோடும் இணைத்தால் 5. வரிசையோடு ஒரே ஓர் இணைப்பைக் கூட்டியதில் வேகம் மூன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. இந்த எண்களை மென்பொருளில் போடாமல் ஒரு தடவையாவது கையால் கண்டுபிடியுங்கள். பின்னால் சிமுலேஷன் தவறான விடை காட்டும்போது அதைக் கண்டுபிடிக்கிற உணர்வு இங்கேதான் வளர்கிறது.

அப்புறம் தாமதத்தைச் சேருங்கள். எல்லாத் தகவலும் ஒரே அளவு தாமதமாக வந்தால், அந்தத் தாமதம் பை (π) என்ற எண்ணை மிகப் பெரிய ஐகன் மதிப்பின் இரு மடங்கால் வகுத்துக் கிடைக்கிற அளவுக்குள் இருக்கும்வரை அமைப்பு நிலையாக இருக்கும். ரேசா ஓல்ஃபாட்டி-சாபரும் ரிச்சர்ட் மர்ரேயும் 2004-ல் வெளியிட்ட கட்டுரையில் உள்ள முடிவு இது. வரிசைக்கும் வளையத்துக்கும் மிகப் பெரிய ஐகன் மதிப்பு 3.618. ஆகவே தாங்கக்கூடிய தாமதம் 0.434. நடுவில் ஒன்று வைத்த அமைப்புக்கும், எல்லோரும் எல்லோரோடும் இணைந்த அமைப்புக்கும் அந்த மதிப்பு 5. தாமதம் 0.314-ஐத் தாண்டினாலே அலைபாயத் தொடங்கிவிடும். அதாவது மிக வேகமான வலையமைப்பு தாமதத்தைக் குறைவாகத்தான் தாங்குகிறது. நடுவில் ஒன்று வைத்த அமைப்போ வளையத்தைவிட மெதுவானது, தாமதத்தைத் தாங்குவதிலும் அதைவிட மோசம்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன எல்லை, நோடு தன் சொந்த மதிப்பையும் அதே தாமதத்தோடு பயன்படுத்தும்போதுதான் பொருந்தும். அண்டை நோடின் மதிப்பு மட்டும் பழையதாகவும் தன் மதிப்பு புதியதாகவும் இருந்தால், தாமதம் எவ்வளவானாலும் ஒரே மதிப்பில் வந்து சேர்ந்துவிடும். ஆனால் அந்த மதிப்பு தொடக்கச் சராசரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரே பெயரில் எழுதப்படுகிற இரண்டு மாதிரிகள், விடைகள் வெவ்வேறு. கட்டுரைகளைப் படிக்கும்போது தாமதக் குறி எந்தெந்த உறுப்பில் இருக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள்.

படி 2: குறைவாகப் படியுங்கள், அனுமானங்களைத் தேடிப் படியுங்கள்

தொடக்கத்திலேயே ஐம்பது கட்டுரைகளைப் பதிவிறக்கி வைத்துக்கொள்வது யாருக்கும் பயன்பட்டு நான் பார்த்ததில்லை. ஐந்தாறை ஆழமாகப் படித்தால் இந்தத் துறையின் எலும்புக்கூடு தெரிந்துவிடும்.

கிரெய்க் ரெனால்ட்ஸ் 1987-ல் கணினி வரைகலைக்காக எழுதிய பறவைக் கூட்ட மாதிரியில் மூன்றே விதிகள்: மோதாமல் விலகு, பக்கத்தில் பறப்பவர்களின் திசையைப் பின்பற்று, கூட்டத்தோடு சேர்ந்திரு. டமாஸ் விக்செக்கும் அவர் குழுவும் 1995-ல் இயற்பியல் கோணத்திலிருந்து இதைவிட எளிய மாதிரியைக் கொடுத்தார்கள். அதில் துகள்கள் ஒரே திசைக்கு வருவதைச் சிமுலேஷன் காட்டியது. அது ஏன் நடக்கிறது என்பதற்குக் கணித விளக்கம் ஜட்பாபாய், லின், மோர்ஸ் மூவரும் எழுதிய 2003 கட்டுரையில் வந்தது. 2004 கட்டுரையை மேலே சொன்னேன். வெய் ரென், ராண்டல் பியர்ட் இருவரும் 2005-ல், இணைப்புகள் ஒருவழியாக இருந்தாலும் ஏதாவது ஒரு நோடிலிருந்து மற்ற எல்லா நோடுகளுக்கும் தகவல் போய்ச் சேர வழி இருந்தால் கன்சென்சஸ் வரும் என்று காட்டினார்கள். இணைப்புகள் மாறிக்கொண்டே இருந்தாலும், தொடர்ந்து வருகிற காலத்துண்டுகள் ஒவ்வொன்றிலும் சேர்த்துப் பார்த்தால் அந்த வழி இருந்தால் போதும். இந்த வரிசையில் படித்தால் ஒவ்வொரு கட்டுரையும் முந்தையதில் இருந்த எந்த அனுமானத்தைத் தளர்த்தியது என்பது கண்ணுக்குத் தெரியும். இந்தத் துறை வளர்ந்த விதமே அதுதான்.

படிக்கும்போது ஒரு தாளில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இணைப்புகள் இருவழியா ஒருவழியா? நிலையானவையா மாறுபவையா? எல்லோரும் ஒரே கணத்தில் புதுப்பிக்கிறார்களா? அளவீட்டில் இரைச்சல் உண்டா? எண்கள் முழுத் துல்லியத்தோடு அனுப்பப்படுகின்றனவா? எல்லா நோடும் நேர்மையாக நடந்துகொள்கிறதா? கட்டுரையில் சொல்லாமல் விட்ட அனுமானங்கள்தான் பெரும்பாலும் உங்கள் ஆய்வுக்கான வாசல்.

படி 3: ஒரே ஓர் அனுமானத்தை உடையுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம்.

இரண்டு சென்சார்கள். முதலாவது 24 டிகிரி காட்டுகிறது, இரண்டாவது 30. உண்மையான சராசரி 27. ஒவ்வொன்றும் வித்தியாசத்தில் கால் பங்கு நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்று முடிந்ததும் 25.5, 28.5. கூட்டினால் முன்பு இருந்த அதே 54. கூட்டுத்தொகை மாறாமல் இருப்பதால்தான் கடைசியில் சராசரி சரியாக வருகிறது.

இப்போது ஒரே ஒரு பாக்கெட், அதாவது அனுப்பிய ஒரு செய்தி, தொலையட்டும். இரண்டாவது அனுப்பியது முதலாவதுக்குக் கிடைத்தது, முதலாவது அனுப்பியது இரண்டாவதுக்குப் போய்ச் சேரவில்லை. முதலாவது 25.5-க்கு நகர்கிறது, இரண்டாவது 30-லேயே நிற்கிறது. கூட்டுத்தொகை 55.5 ஆகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு பாக்கெட்கூடத் தொலையாவிட்டாலும் இருவரும் 27.75-ல்தான் வந்து நிற்பார்கள். இருவரும் ஒத்துப்போகிறார்கள், வரைபடத்தில் கோடுகள் அழகாக ஒன்றுசேர்கின்றன, விடை மட்டும் தவறு. தொடக்கக் கூட்டுத்தொகையை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளாததால் பிழையைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை.

இந்தச் சின்னக் கணக்கிலிருந்தே நல்ல கேள்விகள் பிறக்கின்றன. இரு திசையிலும் பாக்கெட் தொலையும் வாய்ப்பு சமமாக இருந்தால், நிறைய ஓட்டங்களின் சராசரி சரியாகத்தான் வரும். ஓர் ஓட்டத்துக்கும் இன்னொன்றுக்கும் உள்ள சிதறல்தான் பிரச்சினை. அந்தச் சிதறல் வலையமைப்பின் வடிவத்தைப் பொறுத்து எப்படி மாறுகிறது? இரு திசைகளின் இழப்பு சமமாக இல்லாவிட்டால் விடை எந்தப் பக்கம் சாயும்? ஒப்புகை கேட்டு மறுபடி அனுப்பினால் ஆகிற கூடுதல் செலவு, கிடைக்கிற துல்லியத்துக்குத் தகுமா? கெம்ப், டோப்ரா, கெர்கே ஆகியோரின் 2003 கட்டுரையில் வந்த புஷ்-சம் முறையில் ஒவ்வொரு நோடும் மதிப்பு, எடை என்று இரண்டு எண்களை அனுப்பும், விகிதத்தைத்தான் விடையாக எடுக்கும். அதோடு ஒவ்வொரு நோடும் இதுவரை அனுப்பிய மொத்தத்தையே ஒவ்வொரு முறையும் அனுப்பினால், தொலைந்ததை அடுத்த பாக்கெட் ஈடுகட்டிவிடும். அதற்கு எவ்வளவு நினைவகம் வேண்டும்? இவற்றில் எந்த ஒன்றும் ஒரு முதுநிலை ஆய்வுக்குப் போதும்.

பாக்கெட் இழப்பு பிடிக்கவில்லை என்றால் வேறு வாசல்களும் உண்டு. ஒரு நோடு பழுதாகியோ வேண்டுமென்றோ பொய் சொன்னால் என்ன ஆகும் என்பது ஒன்று. அண்டை மதிப்புகளில் தன்னைவிடப் பெரியவற்றில் உச்சத்தில் இருக்கும் சிலவற்றையும், தன்னைவிடச் சிறியவற்றில் அடியில் இருக்கும் சிலவற்றையும் தள்ளிவிட்டு மீதியைக் கூட்டும் முறை அதற்கு உண்டு. அது வேலை செய்ய வலையமைப்பு வெறுமனே துண்டுபடாமல் இருந்தால் போதாது, இன்னும் வலுவான பிணைப்பு வேண்டும். இன்னொன்று நிகழ்வு வந்தால் மட்டும், அதாவது தன் மதிப்பு குறிப்பிட்ட அளவுக்கு மேல் மாறினால் மட்டும், அனுப்பும் கட்டுப்பாடு. ஜார்ஜ் கோர்ட்டெஸும் உடன் எழுதியவர்களும் 2004-ல் வெளியிட்ட பரப்புக் கண்காணிப்பு முறையும் மாணவர்களுக்கு மிகப் பொருத்தமானது. ஒவ்வொரு ரோபோவும் மற்றவற்றைவிடத் தனக்கு நெருக்கமான பகுதியைத் தன் பங்காக எடுத்துக்கொண்டு அதன் மையத்தை நோக்கி நகரும். படம் வரைந்தாலே நடப்பது புரியும்.

கேள்வி சரியாக அமைந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி: அதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எதை மாற்றுகிறீர்கள், எதை அளக்கிறீர்கள், எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்ற மூன்றும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். 'பேரிடர் மீட்புக்கான அறிவார்ந்த ட்ரோன் கூட்டம்' என்பதில் மூன்றும் இல்லை. அது ஒரு விருப்பம், இன்னும் கேள்வியாகவில்லை.

படி 4: சிமுலேஷனை நீங்களே எழுதுங்கள்

தயாராகக் கிடைக்கும் பெரிய சிமுலேட்டரில் தொடங்க வேண்டாம். பைத்தானும் நம்பையும் இருந்தால் கன்சென்சஸ் விதியை இருபது வரிகளில் எழுதிவிடலாம். வலையமைப்பை உருவாக்க நெட்வொர்க்எக்ஸ் உதவும். நீங்களே எழுதினால்தான் எந்த வரியில் எந்த அனுமானம் ஒளிந்திருக்கிறது என்று தெரியும்.

எழுதியதும் மூன்று சோதனைகள். முதலாவது, பாக்கெட் இழப்பு இல்லாமல் ஓட்டி ஒவ்வொரு சுற்றிலும் கூட்டுத்தொகை மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, சராசரியிலிருந்து உள்ள விலகலை மடக்கை அளவில் வரையுங்கள். தொடக்கச் சலசலப்பு அடங்கியதும் அது நேர்கோடாக வேண்டும், அதன் சாய்வு லாம்டா-2 சொல்லும் வேகத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் மேலே போகாதீர்கள்.

மூன்றாவது, வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள். படிப்படியாக நகரும் மாதிரியில் நகர்வு எடை, அதிக அண்டை நோடுகள் கொண்ட நோடுக்கு எத்தனை அண்டை நோடுகள் என்ற எண்ணிக்கையை எடுத்து ஒன்றை அதனால் வகுத்தால் வருவதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். நான்கு நோடு வளையத்தில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு அண்டை நோடுகள், ஆகவே எல்லை அரை. எடையைச் சரியாக அரை என்று வைத்து 0, 1, 0, 1 என்று தொடங்குங்கள். அடுத்த சுற்றில் 1, 0, 1, 0. அதற்கடுத்து மறுபடி 0, 1, 0, 1. காலம் முழுக்க இப்படியே மாறி மாறிப் போகும். உங்கள் நிரல் இதைக் காட்ட வேண்டும். எடையை 0.45 ஆக்கினால் அலைவு சுற்றுக்குச் சுற்று தணிந்து 0.5-ல் அடங்க வேண்டும்.

சென்சார்களை ஒரு பரப்பில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தூவி, குறிப்பிட்ட தூரத்துக்குள் இருப்பவற்றை இணைப்பது வழக்கமான மாதிரி. தூரத்தை மனம்போல் வைக்காதீர்கள். ஓரலகுச் சதுரத்தில் நோடுகளின் எண்ணிக்கையின் இயல் மடக்கையை, எண்ணிக்கையும் பை-யும் சேர்ந்த பெருக்கலால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வரும் தூரத்தை ஒட்டித்தான் வலையமைப்பு துண்டாக இருப்பதிலிருந்து ஒன்றாக மாறுகிறது. ஐம்பது நோடுகளுக்கு அது சுமார் 0.158. ஓரங்களில் இருப்பவற்றுக்கு அண்டை நோடுகள் குறைவு என்பதால் நடைமுறையில் அதைவிடக் கூடுதலாக வைக்க வேண்டும். துண்டுபட்ட வலையமைப்புகளைத் தள்ளிவிட்டு ஒன்றாக இருப்பவற்றை மட்டும் ஓட்டினால், எத்தனையைத் தள்ளினீர்கள் என்று கட்டாயம் எழுதுங்கள்.

வலையமைப்பு பெரிதாகும்போது என்ன ஆகிறது என்றும் பாருங்கள். வரிசையில் ஐந்து நோடுகள் இருந்தபோது 0.382 ஆக இருந்த லாம்டா-2, முப்பது ஆனதும் சுமார் 0.011-க்கு இறங்கிவிடுகிறது. பத்து நோடில் பிரமாதமாக ஓடிய முறை நூறில் நகராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

படி 5: ரேடியோவும் கடிகாரமும் பேட்டரியும் உங்கள் சமன்பாட்டின் பகுதி

கட்டுப்பாட்டுத் துறையிலிருந்து வருபவர்கள் வலையமைப்பை ஒரு கோடாக மட்டும் பார்ப்பார்கள். தகவல்தொடர்பிலிருந்து வருபவர்கள் பாக்கெட் போய்ச் சேர்ந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். இரண்டுக்கும் நடுவில்தான் இந்தத் துறையின் சுவையான பிரச்சினைகள் எல்லாம் கிடக்கின்றன.

குறைந்த மின்செலவு சென்சார்களுக்கான ஐ.ஈ.ஈ.ஈ. 802.15.4 தரத்தின் பரவலான வடிவத்தில் ஒரு ஃபிரேம் (ஒரே தடவையில் அனுப்பும் துண்டு) அதிகபட்சம் 127 பைட். 2.4 கிகாஹெர்ட்ஸில் வேகம் வினாடிக்கு 250 கிலோபிட். ஒரு முழு ஃபிரேமை அனுப்பவே சுமார் 4 மில்லிவினாடி ஆகும். இருபது நோடுகள் ஒரே அறையில் அடுத்தடுத்துப் பேசினால், காத்திருப்பும் மோதலும் இல்லாமலேயே 80 மில்லிவினாடிக்கு மேல் போய்விடும். உங்கள் கட்டுப்பாட்டுச் சுற்று 50 மில்லிவினாடிக்கு ஒருமுறை ஓட வேண்டும் என்றால் கணக்கு அங்கேயே உதைக்கிறது. சிமுலேஷனில் தாமதத்தை எவ்வளவு என்று வைப்பது என்ற கேள்விக்கு இந்த மாதிரிக் கணக்கிலிருந்துதான் பதில் வர வேண்டும்.

பாக்கெட்டுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் தொலைவதாக வைத்துக்கொள்வது வசதி. உண்மையில் அவை கொத்துக் கொத்தாகத் தொலைகின்றன. நல்ல நிலை, கெட்ட நிலை என்று இரண்டை வைத்து, இணைப்பு ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிற கில்பர்ட்–எலியட் மாதிரியை நான்கைந்து வரிகளில் எழுதலாம். அதே சராசரி இழப்பை இரண்டு விதத்திலும் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். சராசரி ஒன்றாக இருந்தும் முடிவு மாறினால், அது உங்கள் ஆய்வின் முக்கியமான படமாக ஆகலாம்.

கடிகாரத்தைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். பத்து லட்சத்தில் 20 பங்கு பிழையுள்ள சாதாரணப் படிகக் கடிகாரம் ஒரு நாளில் சுமார் 1.7 வினாடி விலகும். ஒன்று முந்தியும் இன்னொன்று பிந்தியும் ஓடினால் இரண்டுக்கும் இடையே ஒரு நாளில் மூன்றரை வினாடி. வேகமாக நகரும் பொருளை இரண்டு சென்சார்கள் சேர்ந்து பின்தொடரும்போது இந்த விலகல் நிலைப் பிழையாக மாறிவிடும். நேர ஒத்திசைவையே கன்சென்சஸ் விதியால் செய்யலாம் என்பது தனியாகவே ஓர் ஆய்வுத் தலைப்பு.

மின்சாரத்தைப் பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நிகழ்வு வந்தால் மட்டும் அனுப்பும் முறையை வைத்து 'பாக்கெட்டுகள் எழுபது சதவீதம் குறைந்தன, ஆகவே ஆற்றல் மிச்சம்' என்கிற தோரணையில் எழுதப்படும் மாணவர் அறிக்கைகள் ஏராளம். சென்சார் ஆய்வுகளில் நெடுங்காலம் பயன்பட்ட சிசி2420 ரேடியோ சிப்பின் தரவுத்தாளைப் பாருங்கள்: முழுத் திறனில் அனுப்பும்போது 17.4 மில்லிஆம்பியர், கேட்கும்போது 18.8. அனுப்புவதைவிடக் காதைத் திறந்து வைத்திருப்பதற்குத்தான் செலவு அதிகம். 2500 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி, ரேடியோ கேட்டுக்கொண்டே இருந்தால் ஆறு நாள்கூட வராது. நோடு எப்போது தூங்குகிறது, அண்டை நோடு அனுப்பும் நேரத்தில் எப்படி விழிக்கிறது என்பதைச் சொல்லாமல் ஆற்றல் மிச்சம் என்று எழுத முடியாது. பாக்கெட் எண்ணிக்கை குறைந்தது என்று மட்டும் எழுதுங்கள், அது உண்மை.

இந்த நிலையில் உங்கள் மாதிரியைக் கூஜா, என்எஸ்-3, ஓம்நெட்++ போன்ற வலையமைப்புச் சிமுலேட்டர் ஒன்றுக்குக் கொண்டுபோகலாம். ஏதாவது ஒன்று போதும்.

படி 6: உண்மைத் தரவையும் உண்மை வன்பொருளையும் தொடுங்கள்

சொந்தமாகச் சென்சார் வாங்கும் முன்பே உண்மைத் தரவு கிடைக்கும். இன்டெல் பெர்க்லி ஆய்வகத்தில் 54 சென்சார்கள் 2004 பிப்ரவரி 28 முதல் ஏப்ரல் 5 வரை வெப்பநிலை, ஈரப்பதம், வெளிச்சம், பேட்டரி மின்னழுத்தம் ஆகியவற்றை 31 வினாடிக்கு ஒருமுறை பதிவு செய்தன. பொதுவில் இருக்கும் அந்தத் தொகுப்பில் சுமார் 23 லட்சம் பதிவுகள். 54 சென்சார், 31 வினாடி என்று பெருக்கிப் பார்த்தால் 55 லட்சத்துக்கு மேல் இருந்திருக்க வேண்டும். பாதிக்கும் மேல் வந்து சேரவில்லை என்று அர்த்தம். அதில் ஒரு சென்சாரின் வெப்பநிலையையும் மின்னழுத்தத்தையும் ஒரே படத்தில் வரையுங்கள். பேட்டரி இறங்க இறங்க ஒரு கட்டத்தில் வெப்பநிலை நூறு டிகிரிக்கு மேல் ஏறும். அறை கொதிக்கவில்லை, சென்சார் சாகிறது. இந்த மாதிரி ஒரு நோடை உங்கள் கன்சென்சஸ் விதிக்குள் விட்டால் மொத்தக் கூட்டத்தையும் அது தன் பக்கம் இழுத்துக்கொள்வதை நேரிலேயே பார்க்கலாம்.

வன்பொருளுக்கு வந்தால், இஎஸ்பி32 போன்ற மலிவான போர்டுகள் நான்கு போதும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் வரிசை எண், அனுப்பிய நேரம் இரண்டையும் போடுங்கள். ஒவ்வொரு நோடும் தனக்கு வந்ததைத் தானே பதிவு செய்யட்டும். ஒரே மடிக்கணினியில் எல்லாவற்றையும் சேகரித்தால், மடிக்கணினிக்கு வராததும் அண்டை நோடுக்கு வராததும் கலந்துவிடும். போர்டுகளை ஒரு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த அளவீட்டில் இழப்பு கிட்டத்தட்டப் பூஜ்யமாகத்தான் இருக்கும். சுவருக்கு அப்பால் வையுங்கள், கதவைத் திறந்து மூடுங்கள், ஆட்கள் நடமாடும் நேரத்தில் எடுங்கள்.

ரோபோ வேண்டும் என்றால் தரையில் ஓடுபவற்றில் தொடங்குங்கள். ட்ரோன் விழுந்தால் ஒரு வாரம் போகும். தாளில் உள்ள விதி, ஏஜென்ட் எந்தத் திசையிலும் நகரும் என்று வைத்துக்கொள்கிறது. இரண்டு சக்கர ரோபோ பக்கவாட்டில் நகராது. அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு புள்ளியைக் கற்பனை செய்து அந்தப் புள்ளியைக் கட்டுப்படுத்தினால் இந்தச் சிக்கல் தீரும். எல்லா ரோபோக்களும் ஒரே புள்ளிக்கு வர வேண்டும் என்று விதி சொன்னால் அவை மோதிக்கொள்ளும் என்பதையும் கணக்கில் எடுங்கள். சொந்த ரோபோ இல்லாதவர்களுக்காகவே ஜார்ஜியா டெக் 2017-ல் ரோபோட்டேரியத்தைத் திறந்தது. தொலைவிலிருந்து நிரலை அனுப்பி அங்குள்ள ரோபோக்களில் ஓட்டுவதற்காக அமைத்தது அது. அதன் சிமுலேட்டர் பைத்தானிலும் மேட்லாபிலும் இருக்கிறது. மோதலைத் தடுக்கும் அடுக்கு அதற்குள்ளேயே இருப்பதால், அந்த அடுக்கு உங்கள் விதியின் ஆணையை எப்போதெல்லாம் மாற்றியது என்றும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.

பல சென்சார்களின் மதிப்பீடுகளை ஒன்றாக்குகிற ஆய்வு என்றால் ஒரே தகவலை இரண்டு முறை எண்ணும் ஆபத்து உண்டு. முதல் நோடு சொன்னது இரண்டாவது வழியாகச் சுற்றி மூன்றாவதிடம் வரும், நேராகவும் வரும். மூன்றாவது அதை இரண்டு தனித்தனிச் சான்றுகளாக எடுத்துக்கொண்டு அளவுக்கு மீறி நம்பிவிடும். ஜூலியர், உல்மன் இருவரும் 1997-ல் கொடுத்த கோவேரியன்ஸ் இன்டர்செக்ஷன் முறை இதைத் தவிர்க்கிறது, ஆனால் தேவைக்கு அதிகமாகவே எச்சரிக்கையோடு நடந்துகொள்ளும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் ஆய்வுக்கு நிறைய இடம் இருக்கிறது.

படி 7: ஒப்பீடு

இரண்டு ஒப்பீடுகள் கட்டாயம். ஒன்று, எல்லாத் தகவலும் மையத்துக்கு இழப்பின்றி வந்தால் கிடைக்கிற விடை. இதுதான் மேல் எல்லை. மற்றொன்று, நோடுகள் ஒன்றோடொன்று பேசவே இல்லை என்றால் கிடைக்கிற விடை. இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். பேசாமலேயே கிட்டத்தட்ட அதே துல்லியம் கிடைக்கிறது என்றால் உங்கள் முறைக்கு அங்கே வேலையில்லை, அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரே ஓட்டத்தின் வரைபடத்தை வைத்து எதையும் சொல்லாதீர்கள். சீடு எண்ணை (தற்செயல் எண்களை உருவாக்கத் தொடங்கும் எண்) மாற்றிப் பல நூறு ஓட்டங்கள் எடுத்து, நடு மதிப்பையும் சிதறலையும் காட்டுங்கள். ஒரே மதிப்பில் வந்து சேராமல் போன ஓட்டங்களை எண்ணி எழுதுங்கள். ஒப்பிடும் முறைகள் எல்லாவற்றுக்கும் ஒரே வலையமைப்புகளையும் ஒரே சீடு எண்களையும் கொடுங்கள். போட்டி முறையின் எடைகளையும் உங்கள் முறையின் எடைகளைப் போலவே அக்கறையோடு சரிசெய்யுங்கள்.

படி 8: எழுதுவது

சிமுலேஷன் முடிந்த பிறகு எழுதத் தொடங்கலாம் என்று வைத்திருக்க வேண்டாம். பிரச்சினையை வரையறுக்கும் பகுதியை மூன்றாம் படியிலேயே எழுதிவிடுங்கள். எழுதும்போதுதான் எந்த அனுமானத்தைச் சொல்லாமல் விட்டோம் என்று தெரியவரும்.

எதை நிரூபித்தீர்கள், எதைச் சிமுலேஷனில் மட்டும் பார்த்தீர்கள் என்பதை வாசகர் ஒரு பார்வையில் பிரித்தறிய வேண்டும். நிரூபணம் நிலையான இருவழி இணைப்புகளுக்கு மட்டும், சிமுலேஷனோ மாறும் இணைப்புகளுக்கும் என்றால் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். மதிப்பாய்வாளர்கள் இதை மதிப்பார்கள். மறைத்தால் முதலில் கேட்பதே அதைத்தான்.

ஆய்வு வழிகாட்டியான ஆசிரியரைச் சந்திக்கப் போகும்போது ஒரு பக்கம் போதும்: போன முறையிலிருந்து மாறிய ஒரு படம், அது எதிர்பார்த்தபடி வந்ததா, அடுத்து எதை ஓட்டப் போகிறீர்கள். முடிவு எதிர்பார்ப்புக்கு மாறாக வந்திருந்தால் அந்தப் படத்தையே முதலில் காட்டுங்கள், சந்திப்பின் நேரம் முழுவதும் அதற்குத் தகும்.

எங்கே அனுப்புவது என்பது கேள்வியின் சாய்வைப் பொறுத்தது. நிரூபணம் மையமாக இருந்தால் சிடிசி, ஏசிசி போன்ற கட்டுப்பாட்டு மாநாடுகள். உண்மை நோடுகளில் எடுத்த அளவீடு மையமாக இருந்தால் சென்சிஸ் போன்றவையும் அவற்றோடு நடக்கும் பயிலரங்குகளும். அனுப்பும் முன் நிரலை, சீடு எண்களோடும் நூலகங்களின் பதிப்பு எண்களோடும் சேர்த்து ஒரு கிட் களஞ்சியத்தில் வையுங்கள். உங்களோடு படிக்கும் ஒருவரிடம் கொடுத்து, உங்களைக் கேட்காமல் ஒரு படத்தை மறுபடி உருவாக்கச் சொல்லுங்கள். நோடுகளின் மூலப் பதிவுகளை, கட்டுரை ஏற்கப்பட்டு அச்சாகும்வரை ஒரு வரிகூட அழிக்காதீர்கள். 'இழப்பு அதிகமானால் என்ன ஆகும்' என்று மதிப்பாய்வாளர் கேட்கும்போது, கதவு மூடியிருந்த அன்று எடுத்த அந்தப் பதிவிலிருந்துதான் பதில் படம் வரும்.